ரீஸ்டார்ட் செய்ததும் டிரைவர் எங்கே போகிறது?

சிங்கப்பூரின் யீஷூனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கர்நாடக சங்கீதம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை. கணினியில் மாட்டும் ஒரு கருவியை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருளான டிரைவர்தான் அவருடைய பிரச்சினை. கடிதத்தின் முக்கியமான பகுதி இது:

"தம்பிக்கு வணக்கம். என்னிடம் இருப்பது 2011இல் வாங்கிய டெஸ்க்டாப். அப்போது விண்டோஸ் 7. இரண்டு வருஷத்துக்கு முன் என் மகன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸ் 10 போட்டுக் கொடுத்தான். மைக்கையும் தம்பூராவையும் சேர்க்க 2008இல் வாங்கிய ஒரு ஆடியோ பெட்டி வைத்திருக்கிறேன், யூஎஸ்பியில் மாட்டுவது. விண்டோஸ் 7இல் ஒரு தொல்லையும் இல்லை. இப்போது அதன் டிரைவர் நிற்க மாட்டேன் என்கிறது. தங்கை மகன் ரீஸ்டார்ட் போட்டு, நீலத் திரையில் 7ஐ அழுத்தி, சிடியிலிருந்து ஏற்றினான். அருமையாக வேலை செய்தது. இரவு அணைத்துவிட்டு மறுநாள் போட்டாலும் இருந்தது. ஆனால் எப்போது ரீஸ்டார்ட் கேட்கிறதோ அப்போது போய்விடுகிறது. நான்கு முறை ஏற்றியாயிற்று. மேசை ஸ்பீக்கரின் சத்தமும் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு தகரத்தில் தட்டுவது போல ஆகிவிட்டது. காலையில் தேதி வேறு 2011 ஜனவரி என்று காட்டுகிறது. இரவில் சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துவிடுவது என் வழக்கம். உங்கள் 27 டிரைவர்கள் பழசு, 39 வெள்ளி கட்டினால் சரிசெய்கிறோம் என்று ஒரு மென்பொருள் சொல்கிறது. வாங்கலாமா? இல்லை, கம்ப்யூட்டரையே தூக்கிப்போட வேண்டியதுதானா?"

அன்புள்ள டீச்சர்,

முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில்: தூக்கிப்போட வேண்டாம். அந்த 39 வெள்ளியையும் கட்ட வேண்டாம். அந்த மென்பொருளை இன்றைக்கே நீக்கிவிடுங்கள். அதைப் பற்றிப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பழுதுபார்க்கும் வேலையில் இருக்கும் எனக்கு இப்படி விவரமாக எழுதும் வாடிக்கையாளர் கிடைப்பது அபூர்வம். 7ஐ அழுத்தியது, அணைத்துப் போட்டால் இருப்பது, ரீஸ்டார்ட்டில் போவது, சுவர் சுவிட்ச், தேதி என்று எல்லாத் துப்பும் கடிதத்திலேயே இருக்கிறது. "டிரைவர் போச்சு" என்று மட்டும் எழுதியிருந்தால் நானும் "மறுபடி ஏற்றிப் பாருங்கள்" என்றுதான் சொல்லியிருப்பேன், நீங்கள் ஐந்தாவது முறையும் ஏற்றியிருப்பீர்கள்.

"போய்விட்டது" என்று நாம் சொல்வது மூன்று வேறு விஷயங்கள். டிரைவர் உள்ளேயே இருக்கிறது, ஆனால் விண்டோஸ் அதை ஓடவிடாமல் தடுக்கிறது என்பது ஒன்று. டிரைவரின் இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துவிட்டது என்பது இன்னொன்று. உண்மையாகவே வட்டிலிருந்து அழிந்துபோயிற்று என்பது மூன்றாவது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. உங்கள் ஆடியோ பெட்டிக்கு நடப்பது முதலாவது, ஸ்பீக்கருக்கு நடப்பது இரண்டாவது. மூன்றாவது உங்கள் வீட்டில் நடக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அதையும் ஒரு நிமிடத்தில் உறுதிசெய்துகொள்ளலாம்.

அந்தச் சோதனையை முதலில் செய்துவிடுங்கள். சி டிரைவைத் திறந்து அங்கே ஒரு புதிய ஃபோல்டர் போடுங்கள். "சோதனை" என்று பெயர் வையுங்கள். பிறகு ரீஸ்டார்ட். ஃபோல்டர் அப்படியே இருந்தால் வட்டில் எழுதியது நிற்கிறது என்று அர்த்தம், நிம்மதியாக அடுத்த வேலைக்குப் போகலாம். அதுவும் காணாமல் போயிருந்தால் டிரைவரைத் தேடிப் பயனே இல்லை.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருஷங்களுக்கு முன் மூத்தோருக்குக் கணினி சொல்லிக்கொடுக்கும் ஒரு குழுவுக்கு ஒரு பள்ளி தன் பழைய கணினிகளைக் கொடுத்தது. பிரிண்டர் டிரைவரைப் போடுவேன், வேலை செய்யும், மறுநாள் இருக்காது. இரண்டு மாலைகள் வீணாயின. மூன்றாம் நாள் அங்கே வந்த ஒரு பெரியவர், "நான் நேற்று அடித்து வைத்த கடிதத்தையும் காணோமே" என்றார். அப்போதுதான் திரையின் வலது மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளைக் கரடிப் படம் கண்ணில் பட்டது. டீப் ஃப்ரீஸ் என்ற மென்பொருள் அது. பள்ளிகளிலும் பொதுக் கணினிகளிலும் போடுவார்கள். யார் என்ன செய்தாலும், ரீஸ்டார்ட் ஆனதும் கணினி பழைய நிலைக்கே திரும்பிவிடும். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது. கடவுச்சொல் தெரிந்தவர் அதைத் தற்காலிகமாகத் திறந்துவிட்டு, டிரைவரைப் போட்டு, மறுபடி பூட்ட வேண்டும். பயன்படுத்திய கணினியை எங்காவது வாங்கியவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹார்ட் டிஸ்க் பழுதாகிக்கொண்டிருந்தாலும் எழுதியது நிற்காது. பத்து வயது தாண்டிய வட்டில் டக் டக் என்று சத்தம் கேட்டாலோ, ஒரு ஃபைல் திறக்க நிமிடக்கணக்கில் ஆனாலோ, டிரைவரை மறந்துவிட்டு உங்கள் பாட்டுப் பதிவுகளை வேறு வட்டுக்கு எடுத்து வையுங்கள். டிரைவர் திரும்பக் கிடைக்கும், பதிவுகள் கிடைக்காது.

சரி, ஆடியோ பெட்டிக்கு வருவோம்.

விண்டோஸின் உள்ளுக்குள் கெர்னல் என்று ஒரு பகுதி இருக்கிறது. கோயில் கருவறை மாதிரி. அங்கே நுழைந்த எதுவும் கணினியில் உள்ள எல்லாவற்றையும் பார்க்கலாம், மாற்றலாம். கருவிகளின் டிரைவர்கள் பெரும்பாலும் அங்கே போய்த்தான் வேலை செய்கின்றன. விண்டோஸில் 32 பிட், 64 பிட் என்று இரண்டு வகை உண்டு. விண்டோஸ் விஸ்டா காலம் தொட்டு, 64 பிட் வகையில், செய்தவர் யார் என்று உறுதிசெய்யும் மின்னிலக்கக் கையொப்பம் இல்லாத டிரைவரைக் கெர்னலுக்குள் விடுவதில்லை. 32 பிட் விண்டோஸில் இந்தக் கட்டாயம் இல்லை. உங்கள் பழைய விண்டோஸ் 7 அநேகமாக 32 பிட்டாக இருந்திருக்கும், அதனால்தான் பெட்டி தொல்லை தரவில்லை. மகன் போட்டது 64 பிட் விண்டோஸ் 10. சிடியில் 64 பிட்டுக்கும் ஒரு டிரைவர் இருக்கிறது, ஆனால் பெட்டி செய்தவர்கள் அதற்கு முறையான கையொப்பம் வாங்காமல் விட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்துச் சின்ன நிறுவனங்கள் பலவற்றின் கதை இது.

தங்கை மகன் அழுத்திய 7 என்ன செய்தது? "இந்த ஒரு முறை மட்டும் கையொப்பத்தைப் பார்க்காதே" என்று விண்டோஸிடம் சொன்னது. ஒரு முறை என்றால் அடுத்த தடவை கெர்னல் புதிதாகத் தொடங்கும் வரைதான். அந்தப் பையன் செய்ததில் தவறே இல்லை, டிரைவரும் ஏறியது. விண்டோஸ் மறுபடி புதிதாகத் தொடங்கும்போது காவல் திரும்ப வந்துவிடும், கையொப்பம் இல்லாததை வாசலிலேயே நிறுத்திவிடும். டிரைவர் ஃபைல் வட்டில் அதே இடத்தில்தான் கிடக்கும்.

அப்படியானால் இரவு அணைத்துவிட்டுக் காலையில் போட்டபோது மட்டும் எப்படி இருந்தது? இதுதான் பலரைக் குழப்பும் இடம். விண்டோஸ் 8இலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று வந்தது. அது இயங்கும் கணினியில் நீங்கள் ஷட் டவுன் கொடுத்தால் கெர்னல் உண்மையில் முடிவதில்லை. அப்போதைய நிலையை அப்படியே வட்டில் எழுதி வைத்துவிட்டுத் தூங்குகிறது. காலையில் அதையே எடுத்துத் தொடர்கிறது, அதனால்தான் சீக்கிரம் எழுகிறது. நேற்று 7 அழுத்திப் பெற்ற விலக்கும் சேர்ந்தே தொடர்கிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் ஆதியிலிருந்து தொடங்கும். நம் பழக்கத்தில் அணைத்துப் போடுவதுதான் பெரிய காரியம், ரீஸ்டார்ட் சின்னது. விண்டோஸ் 10இல் அது தலைகீழ். அப்டேட் வந்தால் ரீஸ்டார்ட் ஆகும், டிரைவர் போகும், பழி அப்டேட்டின் மேல் விழும். வாடிக்கையாளர்கள் என்னிடம் இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்கள்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். பெட்டியை மாட்டி வைத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்டார்ட் பொத்தானில் மவுஸின் வலது பக்கத்தை அழுத்தினால் வரும் பட்டியலில் டிவைஸ் மேனேஜர் இருக்கும். திறந்தால் உங்கள் பெட்டியின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் முக்கோணம் தெரியும். பெயர் மேல் இரண்டு முறை கிளிக் செய்யுங்கள். நடுவில் ஒரு வாசகமும் அதன் முடிவில் கோட் என்று ஓர் எண்ணும் இருக்கும். 52 என்றால் கையொப்பப் பிரச்சினை, என் கணிப்பு இதுதான். 28 என்றால் டிரைவரே ஏறவில்லை. 10 என்றால் டிரைவர் ஏறியிருக்கிறது, கருவி கிளம்பவில்லை. முக்கோணமே இல்லை, பெயரும் இல்லை என்றால் கணினிக்குக் கருவி கண்ணில் படவில்லை, கேபிளையும் துளையையும் பாருங்கள். இந்த ஓர் எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் எதையும் திரும்ப ஏற்றாதீர்கள். யாரிடம் உதவி கேட்டாலும் முதலில் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

இனி என்ன செய்வது? சிலர் கையொப்பச் சோதனையையே நிரந்தரமாக அணைத்துவிடச் சொல்வார்கள், டெஸ்ட் மோட் என்பார்கள். வேண்டாம் டீச்சர். நீங்கள் அதே கணினியில் வங்கிக் கணக்கும் பார்க்கிறீர்கள், பெற்றோர்கள் அனுப்பும் கட்டணக் கணக்கும் அதில்தான் இருக்கும். ஒரு பெட்டிக்காகக் கருவறைக் கதவைத் திறந்துபோடுவது சரியில்லை.

நான் முதலில் முயன்று பார்க்கச் சொல்வது உங்களுக்கு விசித்திரமாகத் தோன்றலாம்: டிரைவரே போடாமல் மாட்டிப் பாருங்கள். யூஎஸ்பி ஆடியோவுக்கு என்று எல்லோருக்கும் பொதுவான ஒரு விதிமுறை உண்டு. அந்த விதிப்படி செய்த பெட்டியாக இருந்தால், விண்டோஸில் ஏற்கெனவே உள்ள பொது டிரைவரே அதை ஓட்டிவிடும். அந்தப் பொது டிரைவருக்கு மைக்ரோசாஃப்டின் கையொப்பம் உண்டு, எந்த ரீஸ்டார்ட்டும் அதை அசைக்காது. சிடியில் வந்த டிரைவர் குறுக்கே நிற்பதால்தான் பல பெட்டிகளுக்கு இந்த வாய்ப்பே கிடைப்பதில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். டிவைஸ் மேனேஜரில் பெட்டியின் பெயரில் வலது கிளிக், அன்இன்ஸ்டால். அப்போது "இந்தக் கருவியின் டிரைவர் மென்பொருளையும் நீக்கு" என்று ஒரு கட்டம் வரும். அதில் டிக் போட மறக்காதீர்கள், அதுதான் உயிர்நாடி. டிக் போடாவிட்டால் அதே டிரைவர் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். கண்ட்ரோல் பேனலில் பெட்டியின் மென்பொருள் இருந்தால் அதையும் நீக்குங்கள். கேபிளைக் கழற்றுங்கள், ரீஸ்டார்ட் செய்யுங்கள், கணினி முழுதாக எழுந்த பிறகு மாட்டுங்கள். அரை நிமிடம் பொறுங்கள். ஒலி அமைப்பில் யூஎஸ்பி ஆடியோ என்று ஏதாவது தோன்றினால் வேலை முடிந்தது. மைக்கில் "ச" பிடித்துப் பாருங்கள், பச்சைக் கோடு ஆடும்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். ஒலி தாமதமின்றி வர ஒலிப்பதிவுக் கலைஞர்கள் பயன்படுத்தும் ஏசியோ என்ற வசதி பொது டிரைவரில் இருக்காது. பாடும்போதே உங்கள் குரலை ஹெட்ஃபோனில் கேட்டால் சற்றுப் பிந்தி வரலாம். இணைய வகுப்புக்கு இது ஒரு குறையே இல்லை. தம்பூராவோடு சேர்த்துப் பதிவு செய்யும்போது உறுத்தினால், பெட்டியிலேயே நேரடிக் கேட்புப் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். அது கணினியைத் தொடாமலே குரலைக் காதுக்குக் கொண்டுவரும்.

பொது டிரைவர் பெட்டியை ஏற்கவில்லை என்றால், செய்த நிறுவனத்தின் தளத்தில் பிறகு வந்த டிரைவர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெட்டியின் மேல் அச்சிட்ட பெயரை வைத்துத் தேடாதீர்கள். ஒரே பெயரில் உள்ளே வேறு வேறு சிப் வைத்து விற்பார்கள். டிவைஸ் மேனேஜரில் டீட்டெயில்ஸ் பக்கத்தில் ஹார்ட்வேர் ஐடி என்று தேர்ந்தெடுத்தால் செய்தவர் எண்ணும் கருவி எண்ணும் வரும். அதுதான் கருவியின் அடையாள அட்டை. கணினிக்குள் இருக்கும் முதன்மைப் பலகையான மதர்போர்டில் உள்ள கருவிகளுக்கும் இப்படித்தான். 8086 என்று தொடங்கினால் அது இன்டெல், அவர்களுடைய புகழ்பெற்ற சிப்பின் எண்ணையே அடையாளமாக வாங்கிக்கொண்டார்கள். 1022 என்றால் ஏஎம்டி. அடையாளம் தெரிந்துவிட்டால் தேடல் பாதியாகக் குறைந்துவிடும்.

இன்னொரு சின்ன விஷயம். வகுப்பு முடிந்ததும் பெட்டியைக் கழற்றி அலமாரியில் வைப்பீர்கள் என்றால், மறுநாள் அதே துளையில் மாட்டுங்கள். தனி வரிசை எண் இல்லாத யூஎஸ்பி கருவியை வேறு துளையில் மாட்டினால் விண்டோஸ் அதைப் புதிய கருவியாகவே எடுத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கும். பின்பக்கம், கறுப்பு நிறத் துளையில் மாட்டுவது என் விருப்பம். பழைய ஆடியோ பெட்டிகள் நீலத் துளைகளோடு சில நேரம் ஒத்துப்போவதில்லை. ஒரு துளி நகப்பூச்சு வைத்து அடையாளம் போட்டுக்கொண்டால் குனிந்து தேட வேண்டாம்.

ஸ்பீக்கரின் தகரச் சத்தம் அடுத்தது. பெரிய அப்டேட் வரும்போது மதர்போர்டுக்கென்று இருந்த ஒலி டிரைவரைத் தள்ளிவிட்டுப் பொது டிரைவர் வந்து உட்கார்வது உண்டு. சத்தம் வரும், ஆனால் ஸ்பீக்கருக்கு ஏற்ற அமைப்புகள் எல்லாம் போயிருக்கும். கண்டுபிடிக்க ஓர் எளிய வழி: டிவைஸ் மேனேஜரில் ஒலிக்கருவியின் டிரைவர் பக்கத்தில் தேதியைப் பாருங்கள். வழங்கியவர் மைக்ரோசாஃப்ட், தேதி 2006 ஜூன் 21 என்று இருந்தால் அது விண்டோஸோடு வந்த பொது டிரைவர். பல வருஷம் கழித்து எழுதிய டிரைவர்களுக்கும் மைக்ரோசாஃப்ட் வேண்டுமென்றேதான் இந்தப் பழைய தேதியைப் போடுகிறது. உற்பத்தியாளரின் டிரைவர் எப்போதும் அதைவிடப் புதியதாகத் தெரிந்து முன்னுரிமை பெற வேண்டும் என்பதற்காக. நானே முதலில் பார்த்தபோது கணினியில் கோளாறு என்றுதான் நினைத்தேன்.

அதே பக்கத்தில் ரோல் பேக் டிரைவர் என்ற பொத்தான் உயிரோடு இருந்தால் அழுத்துங்கள், பழையது திரும்பிவிடும். மங்கிப்போயிருந்தால் மதர்போர்டு நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கான ஒலி டிரைவரை எடுத்துப் போட வேண்டும். நல்ல சத்தம் வந்ததும் அந்த டிரைவர் ஃபைலை ஒரு தம்ப் டிரைவில் எடுத்து வைத்துவிடுங்கள். பழைய மாடல்களின் பக்கங்கள் தளங்களிலிருந்து ஒவ்வொன்றாக மறைந்துகொண்டே வருகின்றன.

இப்போது தேதி. இதுதான் மூன்றிலும் மலிவானது, ஆனால் விட்டால் மற்ற இரண்டையும் கெடுக்கும்.

மதர்போர்டில் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கிறது. சிஆர்2032 என்று பெயர். 20 என்பது அதன் அகலம், 20 மில்லிமீட்டர். 32 என்பது தடிமன், 3.2 மில்லிமீட்டர். நம் 20 காசு நாணயத்தைவிடக் கொஞ்சம் சிறியது. மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தையும், விண்டோஸுக்கு முன்பே எழும் அடிப்படை மென்பொருளான பயாஸின் அமைப்புகளையும் காப்பாற்றுவது அதுதான். சுவர் சுவிட்ச் போட்டிருக்கும்வரை கணினி அணைந்திருந்தாலும் மதர்போர்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும், பேட்டரி செத்திருந்தாலும் வெளியே தெரியாது. நீங்கள் தினமும் சுவிட்சை அணைப்பதால் தெரிந்துவிட்டது. 2011இலிருந்து அதே பேட்டரி என்றால் அது தன் காலத்துக்கு மேல் உழைத்திருக்கிறது.

தேதி 2011 என்று இருந்தால், பாதுகாப்பான தளங்களின் சான்றிதழ்கள் எல்லாம் "இன்னும் தொடங்காதவை" என்று கணினிக்குத் தோன்றும். உலாவி திறக்காது, அப்டேட் தடுமாறும், டிரைவரை இறக்கவும் முடியாது. பயாஸில் யாராவது கையால் மாற்றி வைத்தவையும் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிடும். அப்போது ஏதாவது ஒரு துளையோ கார்டோ அணைந்துபோனால், டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம்கூட இல்லாமல் சுத்தமாக மறைந்துவிடும்.

மாற்றுவது பத்து நிமிட வேலை, தங்கை மகனிடம் சொல்லலாம். முதலில் பயாஸ் பக்கங்களைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கணினி வட்டோடு பேசும் முறையைச் சொல்லும் சாட்டா அமைப்பு ஏஹெச்சிஐ என்று இருக்கிறதா, ஐடிஇ என்று இருக்கிறதா என்பதை முக்கியமாகக் குறித்துக்கொள்ளுங்கள். அது மாறினால் விண்டோஸ் எழவே எழாது. பிறகு சுவர் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, கணினியின் பவர் பொத்தானை ஒரு பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். பக்கத் தகட்டைக் கழற்றியதும் உள்ளே உள்ள இரும்புச் சட்டத்தை ஒரு முறை தொடுங்கள். பேட்டரியின் ஓரத்தில் ஒரு சின்னக் கொக்கி இருக்கும், அதை மெல்லத் தள்ளினால் பேட்டரி தானாக எம்பி மேலே வரும். நெம்ப வேண்டாம். எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி புதியதைப் படிய வைத்து, விரலால் ஒரு அழுத்து. டக் என்று உட்காரும். வோல்ட் மீட்டர் இருந்தால் பழையதைப் பாருங்கள். புதிய பேட்டரி 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும், உங்களுடையது 2.7க்கும் கீழே போயிருக்கும் என்று நினைக்கிறேன். கழற்றிய கையோடு உள்ளே சேர்ந்த தூசியையும் ஒரு மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். நம் ஊர் ஈரத்தில் தூசி பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

இதை மட்டும் தயவுசெய்து கவனியுங்கள். உங்கள் வீட்டுக்குச் சின்னப் பிள்ளைகள் வருகிறார்கள். இந்தப் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும், செத்த பேட்டரியும் அப்படித்தான். கழற்றியதும் இரண்டு பக்கமும் செலோடேப் ஒட்டி, உயரத்தில் வைத்து, அடுத்த முறை வெளியே போகும்போது மின்கழிவுத் தொட்டியில் போட்டுவிடுங்கள். 2021 ஜூலையில் மின்கழிவுத் திட்டம் தொடங்கியதிலிருந்து தீவு முழுக்கத் தொட்டிகள் இருக்கின்றன. புதிய பேட்டரி வாங்க சிம் லிம் ஸ்குவேர் வரைக்கும் போக வேண்டாம், பக்கத்துக் கடைத்தொகுதியிலேயே கிடைக்கும்.

அந்த 39 வெள்ளி மென்பொருளைப் பற்றி. உங்கள் பெட்டிக்குக் கையொப்பமிட்ட டிரைவரை அதன் சொந்த நிறுவனமே செய்யாதபோது, இவர்கள் எங்கிருந்து கொண்டுவருவார்கள்? 27 பழசு என்கிறார்கள். பழசாக இருப்பது நோய் இல்லை. ஒழுங்காக ஓடும் டிரைவரை மாற்றுவதால்தான் பல கணினிகள் என் மேசைக்கு வருகின்றன. அது எங்கிருந்தோ எடுத்துப் போடும் டிரைவர் போவதும் அதே கருவறைக்குள்தான் என்பதை மறக்காதீர்கள். இன்னும் ஒரு படி மேலே போய், திரையில் ஒரு தொலைபேசி எண் காட்டி "உடனே அழையுங்கள்" என்று மிரட்டினால், அழைக்காதீர்கள். சந்தேகம் வந்தால் 1799க்கு அழைத்துக் கேளுங்கள், ஸ்கேம்ஷீல்டு உதவி எண் அது. பணம் கட்டி ஏமாந்து கூச்சத்தில் வெளியே சொல்லாமல் இருக்கும் மூத்தோர் எத்தனை பேரை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் கட்டுவதற்கு முன் கேட்டீர்கள், அதில் எனக்கு மெத்த மகிழ்ச்சி.

கணினியை எவ்வளவு நாள் வைத்திருக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்துவிட்டது. வீட்டுப் பயனாளர்கள் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். விண்டோஸ் 11 உங்கள் கணினியில் முறைப்படி ஏறாது. அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் சிப்பாவது வேண்டும். ஆகவே வங்கி வேலைகளை மெல்லக் கைபேசிக்கோ வேறு கணினிக்கோ மாற்றிவிட்டு, இதைப் பாட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுப் பார்ப்பதும் ஒரு வழி. தம்ப் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், வட்டைத் தொடாது. பழைய கருவிகளின் டிரைவர்கள் பல அதற்குள்ளேயே இருக்கின்றன, உங்கள் பெட்டி அங்கே சட்டென்று பேசினாலும் ஆச்சரியமில்லை.

முதலில் பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்யுங்கள். அப்புறம் பெட்டி, அப்புறம் ஸ்பீக்கர். இரண்டையும் ஒரே நாளில் தொட வேண்டாம், எது எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடும். ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஷட் டவுன் போதாது, ரீஸ்டார்ட்டே கொடுத்துப் பாருங்கள், இரண்டு முறை. சி டிரைவில் போட்ட "சோதனை" ஃபோல்டரை அதுவரை அழிக்காதீர்கள்.

பெட்டி பேசவில்லை என்றால் கோட் எண்ணையும் ஹார்ட்வேர் ஐடி பக்கத்தின் படத்தையும் எனக்கு அனுப்புங்கள். தேடிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.